விசுவாசத்தில் நிலைத்திருப்பதும் இளைப்பாறுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் எங்கள் வேதபாடக் குழுவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். மீதிப் பேர் பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள், லாரி டிரைவர்கள், மில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் பிள்ளைகள். சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபையும் கலந்திருக்கும். யார் வந்தாலும் கடைசியில் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: "களைச்சுப் போயிட்டேனுங்க, இன்னும் எத்தனை நாளைக்கு இதைப் பிடிச்சுட்டு இருக்கறது?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்ஆப்பில் எழுதிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

இளைப்பாறுதல்னா என்னங்க? செத்ததுக்கு அப்புறம் கிடைக்கறதா, இப்பவே கிடைக்கறதா?

இரண்டும்தான். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்று இயேசு சொன்னது (மத்தேயு 11:28) கலிலேயாவில் உழைத்து, வரி கட்டி, அதற்கு மேல் மதத் தலைவர்கள் விதித்த சட்டங்களையும் சுமந்துகொண்டிருந்த ஜனங்களிடம். செத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் அவர்களிடம் சொல்லவில்லை.

எபிரெயர் 3, 4 அதிகாரங்கள் ஒரு பழைய சம்பவத்தை எடுத்துப் பேசுகின்றன. எகிப்திலிருந்து புறப்பட்ட ஜனங்கள், தேவன் தருவதாகச் சொன்ன கானான் தேசத்துக்குப் பக்கத்தில் காதேஸ் வரைக்கும் வந்துவிட்டார்கள். அந்தத் தேசத்தைப் பார்த்து வரப்போன 12 பேரில் 10 பேர் நம்மால் ஆகாது என்றார்கள். யோசுவாவும் காலேபும் மட்டும் போகலாம் என்றார்கள். ஜனங்கள் அந்தப் பத்துப் பேர் பேச்சைக் கேட்டார்கள், 40 வருஷம் வனாந்தரத்தில் போயிற்று (எண்ணாகமம் 13, 14). கவனியுங்கள், அவர்கள் களைத்துப்போனதற்காக இளைப்பாறுதலை இழக்கவில்லை. கூட்டிக்கொண்டு போகிறவர் நல்லவர் என்று நம்பாததால் இழந்தார்கள். பிற்பாடு அவர்கள் பிள்ளைகள் தேசத்துக்குள் போய்க் குடியேறிய பிறகும், "தேவனுடைய ஜனங்களுக்கு இளைப்பாறுகிற காலம் இனி வருகிறதாயிருக்கிறது" என்றுதான் எபிரெயர் 4:9 சொல்கிறது. ஆகவே முழுமையானது இனிமேல்தான், ஆரம்பம் இப்போதே.

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான். கடைசிவரை தாக்குப்பிடித்தவனுக்கு மட்டும் கொடுக்கிற கூலி என்று இளைப்பாறுதலை நினைத்தால் நடுவழியிலேயே ஒடிந்துவிடுவோம். அது நடக்கும்போதே தரப்படுகிறது. அது கிடைக்கிறதால்தான் மேற்கொண்டு நடக்கவே முடிகிறது.

நிலைச்சிருக்கறதுன்னா தினமும் பைபிள் படிச்சு, ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போறதுதானுங்களே?

அவை உதவி. ஆனால் யோவான் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு "என்னில் நிலைத்திருங்கள்" என்கிறார். ஒரு பழக்கத்தில் நிலைத்திருக்கச் சொல்லவில்லை, தம்மில் நிலைத்திருக்கச் சொல்கிறார். ஒரு நாள் வேதம் வாசிக்க முடியாமல் போனால் அவரை விட்டு விலகிவிட்டோம் என்று அர்த்தமில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து அப்படியே தூங்கிப்போகிற பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன்: எழுந்த பிறகு ஒரு சங்கீதம் வாசியுங்கள், நேற்று விட்டதற்கும் சேர்த்து இன்று ஈடுகட்ட வேண்டாம்.

ஓய்வும் தரேங்கறாரு, நுகத்தையும் ஏத்துக்கங்கறாரு. ரெண்டும் எப்படிங்க ஒத்துவரும்?

நல்ல கேள்வி. மத்தேயு 11:28-ஐச் சுவரில் மாட்டிவைக்கிற நாம் 29-ஐ மாட்டுவதில்லை. "என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள், அப்பொழுது, உங்கள் ஆத்துமாக்களுக்கு இளைப்பாறுதல் கிடைக்கும்" என்று அடுத்த வசனத்திலேயே இருக்கிறது.

காங்கேயம் மாடு வைத்திருக்கிற வீடுகளில் கேட்டுப்பாருங்கள். புதுக்காளையைத் தனியாகப் பூட்டி வண்டி பழக்க மாட்டார்கள். ஏற்கெனவே பழகின காளைக்கு ஜோடியாகப் பூட்டுவார்கள். வழியும் தெரிந்து, பாரத்தையும் இழுப்பது பழைய காளை. புதியது கூட நடந்து பழகுகிறது. இயேசு தருவதாகச் சொல்லும் நுகத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நுகம் போய்விடுவதில்லை, பக்கத்தில் நடக்கிறவர் மாறுகிறார்.

அப்படியானால் எது நிற்கிறது? தேவனிடம் நல்ல பேர் வாங்குவதற்காகப் படுகிற பாடு நிற்கிறது. "தானும் தன் கிரியைகளை முடித்து ஓய்ந்திருப்பான்" என்று எபிரெயர் 4:10 சொல்வது அதை. வேலை, குடும்பம், ஊழியம் எல்லாம் இருக்கும். ஆனால் அவற்றைக் கொண்டு தேவனுடைய அன்பைச் சம்பாதிக்க வேண்டியதில்லை. மத்தேயு 23:4-இல் சுமக்க முடியாத சுமைகளைக் கட்டி மற்றவர் தோளில் ஏற்றிவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் தொடாதவர்களை இயேசு கண்டிக்கிறார். சில சபைகளில் இன்றைக்கும் அந்த வேலை நடக்கிறது. உங்களை நசுக்குகிற சுமை எதுவானாலும், அது யார் ஏற்றியது என்று முதலில் பாருங்கள்.

ஷிப்மென்ட் இருக்குதுன்னு ஞாயித்துக்கெழமையும் கம்பெனிக்கு வரச் சொல்றாங்க. போனா பாவமா? போகலைன்னா வேலை போயிரும்.

இந்தக் கேள்வி வராத மாதமே கிடையாது. முதலில் பாவமா என்பதற்குப் பதில்: வீட்டுக்குச் சோறு போடுகிறவர், வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் தேவன் அவர்மேல் கோபப்பட்டுக்கொண்டு இருக்கமாட்டார். "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" (மாற்கு 2:27).

முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு விடுமுறை என்பதே இல்லை. கான்ஸ்டன்டைன் பேரரசன் கி.பி. 321-இல்தான் அதை ஓய்வுநாளாக அறிவித்தான். அதற்கு முன்பு அவர்களும் வேலைக்குப் போனார்கள். கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினி, டிராஜன் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு தகவல் இருக்கிறது: கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியும் முன்பே கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடிவிட்டுக் கலைந்துபோகிறார்கள், அப்புறம் மறுபடியும் கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று. அவன் சித்திரவதை செய்து விசாரித்தது இரண்டு அடிமைப் பெண்களை. சபையில் அவர்கள் ஊழியக்காரிகளாக இருந்தார்கள். யாரும் லீவு தராத அடிமைகள் கட்டிக்காத்த விசுவாசம்தான் நம்மிடம் வந்திருக்கிறது. எட்டரை மணி ஷிப்டுக்கு முன்னால் ஆறு மணிக்கு நாலு பேர் ஒரு வீட்டில் கூடினால் அது அரைகுறை ஆராதனை இல்லை.

ஆனால் ஓய்வே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். உபாகமம் 5:15 ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்பது. அடிமைக்கு ஓய்வு கிடையாது, விடுதலையானவனுக்கு உண்டு. பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள், யாரும் கூப்பிடாமலே ஏழு நாளும் மிஷினில் உட்காருவதையும் பார்க்கிறேன். ஞாயிறு முடியாவிட்டால் வாரத்தில் இன்னொரு நாளில் அரை நாளாவது மிஷினை நிறுத்துங்கள். கம்பெனி நடத்துகிற விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை: அதே உபாகமம் 5-இல் ஓய்வு உன் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. முதல் வரிசையில் உட்கார்ந்து ஆராதிக்கும்போது உங்கள் செக்கிங் டேபிளில் யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

ஜெபம் பண்ணினா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. செவுத்துக்கிட்டப் பேசற மாதிரி இருக்கு. என் விசுவாசம் செத்துப்போச்சா?

செத்துப்போயிருந்தால் இது உங்களுக்கு வலிக்காது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்டது (சங்கீதம் 13) வேதாகமத்தில் ஜெபமாகவே எழுதப்பட்டிருக்கிறது. சங்கீதம் 88 அதைவிடக் கடுமையானது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதியிலோ நம்பிக்கையிலோ போய் முடியும். இது இருளிலேயே முடிகிறது. அதையும் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்து ஆலயத்தில் பாட வைத்திருக்கிறார் தேவன்.

அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007-இல் வெளிவந்தன. பல பத்தாண்டுகள் அவர் தேவனுடைய பிரசன்னத்தை உணராமல், உள்ளே இருட்டாகவே இருந்தார் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அவ்வளவு காலமும் அவர் காலையில் எழுந்து ஜெபித்தார், கல்கத்தாவில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கினார். உணர்ச்சி இல்லாத ஜெபம் பொய் ஜெபம் என்று சொல்லித் தருகிறவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்வார்களோ தெரியாது. எனக்கு அது மிகப் பெரிய விசுவாசமாகத் தெரிகிறது.

செய்யக்கூடியது: சொந்த வார்த்தை வராதபோது வரவழைக்கப் பார்க்காதீர்கள். எழுதிவைத்த ஜெபத்தைக் கடன் வாங்குங்கள். ஒரு சங்கீதம், பாமாலையில் ஒரு பாட்டு, கத்தோலிக்கர் என்றால் செபமாலை. அதுவும் முடியாவிட்டால் மாற்கு 9:24-இல் வலிப்பு நோய்ப் பையனின் அப்பா கத்தின ஒரு வரி போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அந்த அப்பாவின் பிள்ளை சுகமானான்.

மனச்சோர்வுன்னு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காருங்க. விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னு எங்க குழுவுலயே ஒரு அக்கா கேட்டுப்போட்டாங்க.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் டாக்டரிடம் பேசித்தான்.

1 இராஜாக்கள் 19-இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்டான். கர்மேல் மலையில் தேவன் அக்கினியை இறக்கிய அவ்வளவு பெரிய காரியத்தைப் பார்த்துவிட்டு வந்தவன். தேவன் அவனைத் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடக் கொடுத்தார். அப்புறம்தான் 40 நாள் நடை, அப்புறம்தான் பேச்சு. முதல் பதிலில் நடக்கும்போதே தரப்படுகிற இளைப்பாறுதல் என்றேனே, அதை இதைவிடத் தெளிவாக வேதத்தில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. உடம்பும் மனதும் தேவன் உண்டாக்கினவை, அவற்றைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலையாகவே இருக்கிறது. பவுலோடு கூடவே பயணம் போன லூக்கா ஒரு வைத்தியன் (கொலோசெயர் 4:14).

ஆங்கிலேயப் பாடலாசிரியர் வில்லியம் கூப்பர் 1800-இல் இறக்கும்வரை திரும்பத் திரும்ப மனநோயில் விழுந்தவர். தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே நம்பினார். 1773-இல் நோய் மிகவும் முற்றியபோது அவருடைய நண்பர் போதகர் ஜான் நியூட்டன் மாதக்கணக்கில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பர் எழுதிய பாடல்களைச் சபைகள் இன்றைக்கும் பாடுகின்றன. அந்த அக்காவிடம் நான் கேட்டுக்கொள்வது, கேள்வி கேட்பதை விட்டுவிட்டு நியூட்டன் செய்ததைச் செய்யுங்கள் என்பது. ஒரு நாள் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

எங்க வீட்ல நான் மட்டுந்தான் இயேசுவ ஏத்துக்கிட்டேன். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வரலைன்னா அப்புச்சி பேசமாட்டேங்கறாரு. போனா நான் விசுவாசத்த விட்ட மாதிரியா?

ஊருக்குப் போவது வேறு, வழிபடுவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, அப்புச்சி அம்முச்சியின் (அம்மாவைப் பெற்றவர்களின்) முகத்தையே பார்க்காமல் வருஷக்கணக்கில் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் செய்யச் சொல்லி வேதம் எங்கேயும் கேட்கவில்லை. நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, ஊருக்குப் போங்கள். சமையலுக்கு ஒத்தாசை செய்யுங்கள், சொந்தபந்தத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், பெரியவர்களுக்கு வேண்டியதைச் செய்யுங்கள். பூஜைக்கு நிற்க முடியாது என்பதை நோம்பி அன்று கூட்டத்தில் சொல்லாமல், முன்கூட்டியே அப்புச்சியிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். "உங்களை மதிக்கறேனுங்க அப்புச்சி, சாமி கும்பிடற விஷயத்துல மட்டும் என்னை விட்டுருங்க" என்றால் உடனே ஒத்துக்கொள்ளாவிட்டாலும் புரிந்துகொள்வார். படைத்ததைச் சாப்பிடலாமா என்பதற்கு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை நிதானமாக வாசியுங்கள். பவுல் ஒரே வரியில் பதில் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு இடங்கள் உங்களுக்குத் துணையாக இருக்கும். ஒன்று, 2 இராஜாக்கள் 5. சீரியப் படைத்தலைவன் நாகமான் இனி கர்த்தரைத்தான் சேவிப்பேன் என்று சொல்லிவிட்டு, என் ராஜா ரிம்மோன் கோவிலுக்குள் என் கைமேல் சாய்ந்துகொண்டு போகும்போது நானும் குனிய வேண்டியிருக்குமே, அதை மன்னிக்கவேண்டும் என்கிறான். எலிசா அவனுக்குச் சட்டம் பேசவில்லை, சமாதானத்தோடே போ என்று அனுப்பினான். இன்னொன்று, அப்போஸ்தலர் 19:37. எபேசு பட்டணத்தில் கலவரம் நடந்தபோது, பவுலோடு இருந்தவர்கள் எங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று அந்த ஊர் அதிகாரியே சாட்சி சொல்கிறான். குடும்பத்தார் கும்பிடுகிற சாமியைக் கேலி பேசுவதை வைராக்கியம் என்று நினைக்காதீர்கள்.

பல வருஷமா ஜெபம் பண்றேன், கடன் தீரலைங்க. காணிக்கை விதைச்சா தீரும்னு டிவியில சொல்றாங்களே?

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. பவுல், தன் மாம்சத்தில் இருந்த முள் என்று அவன் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டான், கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்." முள் போகவில்லை. இருந்தும் அவனை விசுவாசம் குறைந்தவன் என்று யாரும் சொல்வதில்லை.

வட்டி ஓடுகிற கடன் எத்தனை, யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். வெளியே தெரிந்தால் சாட்சி கெட்டுவிடும் என்று மறைக்கிறதால்தான் கந்துவட்டிக்கு மேல் கந்துவட்டி ஏறுகிறது.

சர்ச்சுல எலக்‌ஷன் சண்டை, கோஷ்டி, ஜாதி. வீட்லயே யூடியூப்ல பிரசங்கம் கேட்டா போதாதா?

போதாது. படுக்கையில் இருக்கிறவர்கள், நைட் ஷிப்ட்காரர்கள் கேட்பது வேறு விஷயம், அது நல்ல உதவி. மேலே எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்ததையும், நியூட்டன் நண்பரைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டதையும் பார்த்தோம். யூடியூப் பிரசங்கியார் உங்கள் வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துத் தரமாட்டார். எபிரெயர் 10:25 சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று மட்டும் நிறுத்தவில்லை, ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்கிறது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் அது நடக்காது.

ஆனால் உங்களை அவமானப்படுத்துகிற, ஜாதி பார்த்து ஒதுக்குகிற, பெண்களிடம் தவறாக நடக்கிற தலைவர்களுக்குக் கீழே சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நிலைத்திருத்தல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எசேக்கியேல் 34-இல் மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களுக்கு விரோதமாகக் கர்த்தரே எழும்புகிறார். குற்றம் என்றால் போலீசில் சொல்லுங்கள். அந்த இடத்தை விட்டு இன்னொரு சபைக்குப் போகலாம். கிறிஸ்துவை விட்டுப் போனதாக ஆகாது.

ஒருதடவ இரட்சிக்கப்பட்டா அப்புறம் இழக்கவே முடியாதுங்கறாங்க. இழக்கலாம்னு எங்க பாஸ்டர் சொல்றாரு. எது சரி?

இது நம் பகுதிக்குப் புதுசு இல்லை. கோவை, ஈரோடு, சேலம் பக்கம் சபைகளை ஆரம்பித்தது லண்டன் மிஷன். சேலத்துக்கு 1827-இலும் கோவைக்கு 1830-இலும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தது, தேவன் தெரிந்துகொண்டவரைக் கடைசிவரை காப்பார் என்ற கால்வினிய மரபு. கரூர், தாராபுரம் பக்கம் வேலை செய்தது வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன். அவர்களோ மனுஷன் கிருபையை உதறிவிட்டு விழுந்துபோகவும் முடியும் என்றவர்கள். 1947-இல் சி.எஸ்.ஐ. உருவானபோது இரண்டு மரபும் ஒரே சபைக்குள் வந்துவிட்டன.

"ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்று யோவான் 10:28 இருக்கிறது. "முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்" என்று மத்தேயு 24:13-உம் இருக்கிறது. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க எனக்கு மனமில்லை. பயந்து நடுங்குகிறவருக்கு முதல் வசனம், எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை என்கிறவருக்கு இரண்டாவது வசனம். நம்மில் பலர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் வருத்தம். மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லியும், கால்வினிய மரபைப் பிடித்திருந்த அவருடைய நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் இந்த விஷயத்தில் கடுமையாக மோதிப் பிரிந்தவர்கள். 1770-இல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் அவருக்கு அஞ்சலிப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. உங்கள் பாஸ்டரோடு ஒத்துப்போகாவிட்டாலும் அவர் தரும் நற்கருணையை வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாத்தையும் விட்டுப்போட்டுப் போயிட்டனுங்க, குடி, கூத்தியா எல்லாம். இப்பத் திரும்பி வரலாம்னா எபிரெயர் 6 படிச்சாப் பயமா இருக்கு.

வாருங்கள். எபிரெயர் 6:4-6 மறுதலித்துப்போனவர்களைத் திரும்பப் புதுப்பிக்கிறது கூடாத காரியம் என்கிறது, உண்மை. ஆனால் அது அறுத்துப்பேசுவது கிறிஸ்துவை அவமானப்படுத்திக்கொண்டே இருக்கிறவர்களைப் பற்றி. திரும்பி வர ஆசைப்பட்டு, இந்த வசனத்தைப் பார்த்து அழுகிற நீங்கள் அந்த ஆள் இல்லை. அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, உங்களைக் குறித்து இதைவிட நன்மையானதை நிச்சயித்திருக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறது.

சபைக்கு இந்தக் கேள்வி பெரிய அளவில் வந்தது கி.பி. 250-இல். டேசியஸ் பேரரசன் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்று வாங்கவேண்டும் என்று ஆணை போட்டான். ஏராளமான கிறிஸ்தவர்கள் உயிருக்குப் பயந்து பலியிட்டார்கள், சிலர் லஞ்சம் கொடுத்துச் சான்று மட்டும் வாங்கினார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். அவர்களைச் சேர்க்கவே கூடாது என்று ரோம் சபையின் மூப்பன் நொவேஷியன் தனியாகப் பிரிந்துபோனான். கார்த்தேஜ் பிஷப் சிப்ரியனும் மற்ற ஆயர்களும், மனந்திரும்புதலைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். சபை அந்த வழியில்தான் நின்றது.

2 தீமோத்தேயு 4-இல் 10, 11 வசனங்களைச் சேர்த்து வாசியுங்கள். தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து என்னை விட்டுப் போய்விட்டான் என்று பத்தாம் வசனம். மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பதினோராம் வசனம். அந்த மாற்கும் முதல் பயணத்திலேயே பாதியில் விட்டுப்போனவன்தான். அவனால் பவுலும் பர்னபாவும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். வரும்போது ஒன்று செய்யுங்கள்: கூத்தியா வீட்டுக் கணக்கையும் குடியையும் மறைத்துக்கொண்டு வராதீர்கள். முதலில் மனைவியிடம் பேசுங்கள். அவர் உடனே நம்பவேண்டும் என்று எதிர்பார்க்க உங்களுக்கு உரிமையில்லை. குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை உண்டு. மாத்திரை பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

எங்க அம்முச்சிக்கு மறதி நோயுங்க. அறுபது வருஷம் ஜெபம் பண்ணினவங்க, இப்ப இயேசுன்னா யாருன்னு கேக்கறாங்க. கடைசிவரைக்கும் நிலைச்சிருக்கணும்னா இவங்க கதி என்னங்க?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நாள் யோசித்தேன். பேதுரு விழப்போகிறான் என்று தெரிந்தே இயேசு சொன்னது, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" (லூக்கா 22:32). அன்றைக்கு பேதுருவின் விசுவாசம் அவனுடைய தைரியத்தில் நிற்கவில்லை, இயேசுவின் ஜெபத்தில் நின்றது. அம்முச்சியின் விசுவாசமும் அவருடைய ஞாபகசக்தியில் நிற்கவில்லை. "கர்த்தர் தம்முடையவர்களை அறிவார்" என்பதுதான் அஸ்திபாரத்தில் பொறித்திருக்கிறது (2 தீமோத்தேயு 2:19). அவர்கள் கர்த்தரை ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று அங்கே எழுதவில்லை. நோய் மூளையில் அழிப்பதை மறுதலிப்பு என்று தேவன் கணக்கு வைப்பார் என்று நான் ஒரு நாளும் நம்பமாட்டேன். ஏசாயா 46:4-ஐ வாசியுங்கள்: "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்."

இயேசு யார் என்று அவர் கேட்டால் பரீட்சை வைக்காதீர்கள், "மறந்துட்டீங்களா?" என்று அழவும் வேண்டாம். முதல்தரம் கேட்கிறவருக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள். மறதி நோயில் பேர், முகம் எல்லாம் போன பிறகும் சின்ன வயதில் பாடின பாட்டு பலருக்கு நிற்கும். அவர் காலத்துக் கீர்த்தனைகளில் ஒன்றை மெதுவாக ஆரம்பித்துவிட்டுப் பாருங்கள், இரண்டாவது அடியை அவரே எடுப்பார் என்றால் ஆச்சரியப்படாதீர்கள். எடுக்காவிட்டாலும் நீங்கள் பாடி முடியுங்கள். சபை ஐயரிடம் (போதகரிடம்) சொல்லி மாதம் ஒருதரம் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரச் செய்யுங்கள். காலையில் தெளிவாக இருப்பவர்கள் பலருக்குப் பொழுது சாய்ந்தால் குழப்பம் அதிகமாகும், அதனால் காலை நேரமாக வரச் சொல்லுங்கள். அப்பத்தை விழுங்கச் சிரமப்பட்டால் சின்னத் துண்டாகத் திராட்சரசத்தில் நனைத்துக் கொடுக்கச் சொல்லலாம். பார்த்துக்கொள்கிற உங்கள் அம்மா அந்த அரைமணி நேரம் யாராவது ஒருவரிடம் பொறுப்பை விட்டுவிட்டுத் தூங்கட்டும்.